வரப்போகும் சம்பளத்திலிருந்து வந்த சம்பளத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழில் குடும்ப வரவுசெலவு குறித்து வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்க வேண்டும், ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும், இளம் வயதிலேயே முதலீட்டைத் தொடங்க வேண்டும் என்று அவை கூறும் யோசனைகளில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆயினும், சம்பளம் கைக்கு வந்த பத்தாம் நாளே கையிருப்பு தீர்ந்துபோய், அடுத்த சம்பளத் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் அவற்றைப் படித்தால், இதில் தமக்கு இடமில்லை என்றே எண்ணுவார். அவருடைய நிலையிலிருந்து எழுதப்பட வேண்டியவை பல உள்ளன. அவற்றுள் முக்கியமானது என்று நான் கருதும் ஒன்றைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பணி ஓய்வு பெறும் வரை நான் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் கணக்கராக இருந்தேன். அந்த மேசையில் அமர்ந்தவருக்கு ஊழியர்களின் குடும்பப் பொருளாதாரம் ஓரளவு தெரிந்துவிடும். யார் மாதந்தோறும் முன்பணம் கேட்கிறார், யாருடைய சம்பளத்தில் பிடித்தங்கள் போக மிஞ்சுவது பாதிக்கும் குறைவு, சம்பள நாள் விடுமுறையில் விழுந்தால் யார் முந்தைய நாளே வந்து விசாரிக்கிறார் என்பதெல்லாம் கண்ணில் படும். அங்கே நான் கண்டவர்களில் ஊதாரிகள் மிகச் சிலரே. பெரும்பாலோர் தம் கணக்கை என்னைவிடத் துல்லியமாக அறிந்தவர்கள். எந்தக் கடனுக்கு எந்தத் தேதியில் எவ்வளவு போகும் என்பதைத் தாளைப் பாராமலே சொல்லக்கூடியவர்கள். ஒரே பதவியில், ஒரே சம்பளத்தில், ஏறத்தாழ ஒரே அளவு குடும்பத்துடன் இருந்த இருவரில் ஒருவர் ஒவ்வொரு மாதமும் முன்பணத்துக்கு வருவதும் மற்றவர் ஒருமுறையும் வராததும் எனக்கு நெடுங்காலம் புதிராகவே இருந்தது. அந்த வேறுபாட்டைச் சிக்கனம், ஒழுக்கம் ஆகியவற்றால் விளக்க முயன்றால் கணக்கு ஒத்துவரவில்லை. வராதவர் இந்த மாதச் செலவுக்குச் சென்ற மாதச் சம்பளத்தை வைத்திருந்தார்; வருபவர் இந்த மாதச் செலவுக்கு அடுத்த மாதச் சம்பளத்தை நம்பியிருந்தார். இருவருக்கும் இடையே இருந்த தொலைவு அவ்வளவுதான். அதைக் கடப்பதற்குச் சிலருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. சிலரால் ஓய்வு பெறும் நாள் வரை கடக்க முடியவில்லை.

இதைச் சொல்லும்போதே ஓர் எல்லையையும் குறிப்பிட்டாக வேண்டும். சம்பளமே வாழ்வதற்குப் போதாத குடும்பங்களுக்கு இக்கடிதத்தில் வரும் எந்த உபாயமும் தீர்வாகாது. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1899ஆம் ஆண்டு வீடு வீடாகக் கணக்கெடுத்த சீபோம் ரவுண்ட்ரி, உடலைப் பேணுவதற்குக் கூடப் போதாத வருமானமுடைய குடும்பங்களைத் தனியே பிரித்துக் காரணங்களை ஆராய்ந்தபோது, அவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோரின் வறுமைக்குக் காரணம், குடும்பத் தலைவர் ஒழுங்காக வேலைக்குப் போயும் கூலி போதாமல் இருந்ததே என்று கண்டார். குடியும் சோம்பலுமே ஏழ்மைக்குக் காரணம் என்று எளிதாகப் பேசப்பட்ட காலம் அது. வருமானம் குறையக் குறைய உணவுக்குச் செலவாகும் பங்கு கூடிக்கொண்டே போகும் என்பதை எர்ன்ஸ்ட் எங்கல் என்னும் ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். வாடகையும் உணவும் மருந்தும் போகவே எதுவும் மிஞ்சாத இடத்தில் எதைக் குறைக்கச் சொல்ல முடியும்? அங்கே கேட்கப்பட வேண்டியது கூலி உயர்வு. சேமிப்புப் பாடம் அங்கே அவமதிப்பாகவே முடியும்.

நான் பேசுவது இன்னொரு வகைக் குடும்பங்களைப் பற்றி. ஆண்டு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் அவர்களுடைய வரவும் செலவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். மாதம் மாதமாகப் பார்த்தால் மட்டும் ஒரு மாதம் இடிக்கும், ஒரு மாதம் சற்றுத் தளரும். செலவு மட்டுமே மாதத்துக்கு மாதம் மாறுவதாக நாம் நினைக்கிறோம், வரவும் அப்படித்தான். அமெரிக்காவில் 235 குடும்பங்களின் வரவுசெலவை ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அன்றாடம் குறித்துவந்த ஆய்வொன்றில், அக்குடும்பங்களின் வருமானம் ஆண்டில் சராசரியாக ஐந்து மாதங்களில் தன் சராசரியைவிட 25 சதவீதத்துக்கு மேல் கூடியோ குறைந்தோ இருந்தது தெரியவந்தது. மிகைநேரப் பணி கிடைக்காத மாதம், உடல்நலக் குறைவால் சம்பளப் பிடித்தம் நேர்ந்த மாதம், வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடித்த மாதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். கட்டணங்களின் கெடு தேதிகளோ எந்தக் காரணத்தையும் கேட்பதில்லை.

இப்படிப்பட்ட ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒருமுறை பற்றாக்குறை நேர்ந்தால் என்ன ஆகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சம்பளம் 100 பங்கு, செலவும் 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் மருத்துவத்துக்காக 10 பங்கு கூடுதலாகச் செலவாகிறது. அதற்கு முன்பணமோ கைமாற்றோ வாங்கப்படுகிறது. அடுத்த மாதம் அந்த 10 பங்கைத் திருப்பிக் கொடுத்தபின் கையில் இருப்பது 90. செலவு அதே 100. ஆகவே மீண்டும் 10 பங்கு கடன். அதற்கடுத்த மாதமும் அப்படியே. புதிதாக எந்த நெருக்கடியும் வரவில்லை, யாரும் ஒரு காசைக் கூட வீணாக்கவில்லை. எனினும் ஆண்டு முடியும்போது அந்தக் குடும்பம் பன்னிரண்டு முறை கடன் வாங்கியிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஓயாமல் கடன் வாங்கும் குடும்பமாகத் தெரியும். உண்மையில் அங்கே நிகழ்ந்த பற்றாக்குறை ஒன்றுதான். அதுவே மாதந்தோறும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது.

அந்த முன்பணம் வட்டியில்லாமல் கிடைத்தால் கவலை மட்டுமே மிஞ்சும். வெளியில் வாங்கினால் கதை வேறு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் சம்பள நாள் வரைக்குமாகத் தரப்படும் குறுகிய காலக் கடன்களுக்கு, இரண்டு வாரத்துக்கு 100 டாலருக்கு 15 டாலர் கட்டணம் என்பது பரவலான வழக்கம். இரு வாரத்துக்கு ஒருமுறை அதே கடனை ஆண்டு முழுவதும் புதுப்பித்தால், வாங்கிய 100 டாலருக்குக் கட்டணம் மட்டும் 390 டாலர் ஆகிவிடும். அசல் அப்படியே நிற்கும். அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கடன்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை பதினான்கு நாட்களுக்குள் புதுப்பிக்கப்பட்டன அல்லது மறுபடியும் வாங்கப்பட்டன என்று கண்டறிந்தது. கடன் கொடுத்தவருக்கு ஆதாயம் தருவது கடன் திரும்பி வருவது அல்ல, அது திரும்பத் திரும்ப எடுக்கப்படுவதுதான் என்பதை இந்த ஒரு எண் விளக்கிவிடுகிறது. எங்கும் சாதாரணமாகச் சொல்லப்படும் மாதம் 3 சதவீத வட்டியையே எடுத்துக்கொண்டாலும், செலுத்தாமல் விட்டால் அது ஆண்டுக்கு 36 சதவீதமாக நிற்பதில்லை. வட்டிக்கு வட்டி சேர்ந்து 42 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் படித்தால் அதில் நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. அந்தக் குடும்பத்தைச் சுழலிலிருந்து வெளியே எடுக்கத் தேவைப்படுவது 120 பங்கு அல்ல. ஒரே ஒருமுறை கிடைக்கும் 10 பங்கு. சம்பளத்தில் பத்தில் ஒன்று. ஆறு மாதச் செலவைச் சேர்க்கச் சொல்லும் அறிவுரைக்கும் இதற்கும் இருக்கும் தூரத்தைத் தாங்களே கணிக்கலாம். அமெரிக்காவின் அர்பன் இன்ஸ்டிடியூட் என்னும் ஆய்வு நிறுவனம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு வழியில் சொல்கிறது. வேலையிழப்போ நோயோ வருமானத்தைக் குலைக்கும்போது, 250 முதல் 749 டாலர் வரை கையிருப்பு வைத்திருந்த குடும்பங்கள் கூட, எதுவுமே இல்லாதவர்களைக் காட்டிலும் வீட்டை இழப்பதும் கட்டணம் தவறுவதும் குறைவாக இருந்தன. அந்நாட்டின் மத்திய வங்கி, எதிர்பாராத 400 டாலர் செலவு வந்தால் கையிலுள்ள பணத்தைக் கொண்டே சமாளிப்பீர்களா என்று ஆண்டுதோறும் கேட்டு வருகிறது. 2013இல் பாதிப் பேரால்தான் ஆம் என்று சொல்ல முடிந்தது, 2023இல் 63 சதவீதத்தினர் அவ்வாறு கூறினர். உலகின் மிகப் பெரிய பொருளாதாரத்திலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் அந்தச் சிறு தொகை கையில் இல்லை என்றால், இதைத் தனிமனிதர்களின் பொறுப்பின்மை என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது.

கையில் இல்லாமை மனத்தை என்ன செய்கிறது என்பதும் இப்போது ஓரளவு அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. சயன்ஸ் இதழில் 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் அறுவடைக்கு முன்னரும் பின்னரும் ஒரே வகையான சிந்தனைத் தேர்வுகள் நடத்தப்பட்டன. கரும்புக்கான பணம் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வருவதால், அறுவடைக்கு முன் அவர்கள் நெருக்கடியிலும் பின்னர் ஓரளவு வசதியிலும் இருப்பார்கள். அதே மனிதர்கள், பணம் வருவதற்கு முன் குறைவாகவும் வந்த பின் கூடுதலாகவும் மதிப்பெண் பெற்றார்கள். கடன் வாங்குபவருக்கு அறிவு குறைவு என்று ஏளனம் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அறிவு அங்கேதான் இருக்கிறது. அடுத்த தவணையை எப்படிக் கட்டுவது என்னும் கேள்வி அதில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டுவிடுகிறது. மாதக் கடைசியில் எடுக்கும் முடிவுகள் மாதத் தொடக்கத்தில் எடுப்பவற்றைவிட மோசமாக அமைவதை நான் என் மேசையிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். நிபந்தனைகளைப் படிக்காமல் கையெழுத்திடுவதும், வைப்புநிதியிலிருந்து அவசரமாகப் பணம் எடுப்பதும், அதிக வட்டிக்கு ஒப்புக்கொள்வதும் பெரும்பாலும் மாதத்தின் கடைசி வாரத்தில்தான் நிகழ்ந்தன.

ஆகவே முதல் அடி, அந்தச் சிறு கையிருப்பு. இதில் கணக்கறிந்தவர்கள் என்னோடு வாதிடக்கூடும். வட்டி கட்டும் கடன் இருக்கும்போது, வட்டியே தராத கையிருப்பை வைத்திருப்பது நட்டம்தானே என்பது அவர்களுடைய கேள்வி. தாளில் அது சரி. ஆனால் கையில் இருந்த கடைசிக் காசையும் கடனுக்குக் கட்டிவிட்டு நிற்பவர், அடுத்த வாரமே வரும் சிறு செலவுக்காக அதைவிட அதிக வட்டிக்குப் புதுக் கடன் வாங்க நேர்கிறது. அவர் கடனைக் குறைத்த மனநிறைவும் அதோடு போய்விடுகிறது. முதலில் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்களவு கையிருப்பு, அதன் பிறகு கடன் என்பதே என் கருத்து. அந்தத் தொகை அன்றாடச் செலவுக் கணக்கிலிருந்து பிரிந்து தனியாக இருக்க வேண்டும். எடுத்தால் திருப்பி வைக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு விதி தேவையில்லை. எடுப்பதற்காகத்தான் அது இருக்கிறது என்பதால், எடுத்ததற்காக யாரும் குன்றிப்போகவும் வேண்டாம்.

அந்த முதற்பங்கு எங்கிருந்து வரும் என்பதுதான் கடினமான இடம். செலவைக் குறைப்பது பற்றித் தங்கள் இதழில் நிறையவே எழுதப்பட்டிருப்பதால் அதை நான் தொடப்போவதில்லை. தேதிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை யாரும் எழுதுவதில்லை. சம்பளம் வரும் நாளையும் ஒவ்வொரு கட்டணத்தின் கெடு நாளையும் ஒரே தாளில் வரிசையாக எழுதினால், தாமதக் கட்டணமும் அபராத வட்டியும் எந்த நாட்களில் பிறக்கின்றன என்பது வெளிப்படும். கடன் தவணை, காப்பீடு, தொலைபேசி போன்ற பலவற்றுக்குக் கெடு நாளை மாற்றித் தருமாறு கேட்க முடியும். கேட்டால் பல நிறுவனங்கள் இசைகின்றன. சம்பளத்துக்கு இரண்டு நாள் முன்பாக விழும் தவணை ஒன்றை மூன்று நாள் பின்னால் தள்ளியதால் மட்டுமே, ஆண்டுதோறும் கட்டிவந்த அபராதத் தொகை முழுவதும் மிச்சமானதை நான் கண்டிருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வரும் கல்விக் கட்டணம், வரி, காப்பீட்டுத் தொகை ஆகியவற்றை எதிர்பாராத செலவு என்று கருதுவதும் இதனோடு சேர்ந்ததே. அவை வரும் என்பது ஓராண்டுக்கு முன்பே தெரியும். பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவில் சேர்க்காத வரை, ஒவ்வொரு முறையும் அவை நெருக்கடியாகவே வந்து நிற்கும்.

பல கடன்கள் இருப்பவர் எதை முதலில் முடிப்பது என்பதில் இருவேறு கருத்துகள் உண்டு. அதிக வட்டியுள்ளதை முதலில் முடித்தால் மொத்தச் செலவு குறையும். சிறிய கடனை முதலில் முடித்தால் ஊக்கம் பிறக்கும். மாதக் கடைசியில் மூச்சுமுட்டுபவருக்கு மூன்றாவது ஓர் அளவுகோலும் உதவும். ஒவ்வொரு கடனின் மாதத் தவணையையும் அதில் இன்னும் கட்ட வேண்டிய தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நிலுவை 30 பங்கும் தவணை 6 பங்கும் உள்ள கடனை முடித்தால் மாதந்தோறும் 6 பங்கு விடுபடும். நிலுவை 100 பங்கும் தவணை 5 பங்கும் உள்ள கடனில் அதே 30 பங்கைக் கட்டினால், பெரும்பாலும் மாதத் தவணையில் எதுவும் குறைவதில்லை, முடியும் நாள்தான் முன்னே வருகிறது. வட்டி விகிதங்களுக்கிடையே பெரும் வேறுபாடு இல்லாத இடத்தில், மாதத்தை விரைவில் தளர்த்தும் கடனையே முதலில் முடிக்குமாறு நான் சொல்வேன். விடுபட்ட அந்த 6 பங்கு அடுத்த கடனுக்குப் போக வேண்டும். இவ்விடத்தில்தான் பலர் இளைப்பாறிவிடுகிறார்கள். பல ஆண்டு அழுத்தத்துக்குப் பின் வந்த தளர்வு என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் மனம் வருவதில்லை.

கடன்கள் அடங்கிய பிறகு வருவது, நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்தக் கடப்பு: இந்த மாதச் செலவை முழுவதும் சென்ற மாதச் சம்பளத்தைக் கொண்டே நடத்தும் நிலை. இதற்கு ஒரு மாதச் செலவு முழுவதும் கையில் சேர வேண்டும். மாதம் 5 பங்கு வீதம் ஒதுக்கினால் இருபது மாதங்கள் ஆகும். நடுவில் ஏதேனும் நேர்ந்தால் மூன்றாண்டுகள் கூட ஆகலாம். ஆனால் பெரும்பாலானோருக்கு இதைச் சுருக்கும் வாய்ப்புகள் இடையிடையே வருகின்றன. வாரச் சம்பளக்காரர்களுக்கு ஆண்டில் நான்கு மாதங்களிலாவது ஐந்து சம்பளங்கள் வரும். இரு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் பெறுபவர்களுக்கு ஆண்டுக்கு 26 சம்பளங்கள். மாதம் இரண்டு என்று செலவைத் திட்டமிட்டால் இரண்டு சம்பளங்கள் முழுதாக நிற்கும். மாதச் சம்பளக்காரர்களுக்குப் போனஸ், ஊதிய உயர்வின் நிலுவைத் தொகை, விடுப்புக்கு ஈடாகத் தரப்படும் பணம், திரும்பக் கிடைக்கும் வரிப் பிடித்தம் ஆகியவை உண்டு. நிலுவைத் தொகை வரவு வைக்கப்படும் மாதத்தில் சம்பளப் பிரிவுக்கு வந்து, இதைத் தனிக் கணக்கில் போட முடியுமா என்று கேட்டவர்கள் சிலரே. அவர்களில் பெரும்பாலோர் பின்னர் முன்பணப் பதிவேட்டில் இடம்பெறவில்லை.

சம்பள உயர்வைப் பற்றியும் உறுதியான ஒரு செய்தி உள்ளது. ரிச்சர்ட் தேலர் (பின்னாளில், 2017இல், பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்), ஷ்லோமோ பெனார்ட்சி ஆகிய பொருளியலாளர்கள் இணைந்து வகுத்த திட்டம் ஒன்று 1998ஆம் ஆண்டு அமெரிக்க நிறுவனம் ஒன்றில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. இன்றைய சம்பளத்திலிருந்து சேமிக்குமாறு அவர்கள் யாரையும் வற்புறுத்தவில்லை. இனி வரப்போகும் ஒவ்வொரு உயர்விலும் ஒரு பகுதி தானாகவே சேமிப்புக்குப் போவதற்கு முன்கூட்டியே சம்மதம் பெற்றார்கள். அதில் சேர்ந்த ஊழியர்களின் சேமிப்பு விகிதம் 40 மாதங்களில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. கைக்கு வந்து பழகிய பணத்தைப் பிரிப்பதில்தான் வலி. கைக்கு வராத உயர்வைப் பிரிப்பதில் அத்தனை வலி இல்லை. சம்பளப் பட்டியல் எழுதியவன் என்ற முறையில் இதற்கு நான் சாட்சி சொல்ல முடியும். உயர்வு வந்த மாதத்திலேயே பிடித்தத்தைக் கூட்டிக்கொண்டவர்கள் ஒருபோதும் அதைக் குறைக்கச் சொல்லி வந்ததில்லை. மூன்று மாதம் போகட்டும் என்று தள்ளியவர்கள் பெரும்பாலும் திரும்பி வரவே இல்லை.

சொத்து இருந்தும் இதே சுழலில் இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வருவதை வந்தவுடன் செலவழித்து வாழ்கின்றன என்றும், அவற்றில் மூன்றில் இரு பங்குக்கு வீடு, ஓய்வூதிய நிதி போன்ற சொத்து இருக்கவே செய்கிறது என்றும் கப்லான், வியோலாண்டே, வைட்னர் ஆகிய பொருளியலாளர்கள் 2014இல் கணக்கிட்டனர். சொந்த வீட்டுக்கான தவணையில் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கட்டிவிட்டு, மாதக் கடைசியில் கைமாற்றுக்கு அலைபவர் இவ்வகையினர். அவரிடம் செல்வம் உண்டு, கையில் பணம் இல்லை. வீடு வாங்குவதை நான் குறை கூறவில்லை; முன்பணமாகக் கையில் உள்ளதை எல்லாம் கொடுத்துவிடாமல் ஒரு மாதச் செலவை மட்டுமாவது நிறுத்திக்கொண்டால், அதே வீட்டில் நிம்மதியாகக் குடியிருக்கலாம்.

உறவுகளுக்குச் செய்வதைச் செலவுப் பட்டியலில் வீண்செலவாக எழுதும் கட்டுரைகளை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பெற்றோரின் மருந்துக்கும் தம்பி தங்கையரின் படிப்புக்கும் கொடுப்பவர், தமக்கு வேலை போனால் தாங்கிக்கொள்ளும் கைகளையும் அதன் மூலம் தேடிக்கொள்கிறார். அதை மறைமுகச் சுமையாக வைத்துக்கொள்ளாமல், மாதம் இவ்வளவு என்று வெளிப்படையாக ஒதுக்குவது நல்லது. பிறர் கடனுக்குப் பிணைக் கையெழுத்திடுவது வேறு விஷயம். அந்தக் கையெழுத்தை முழுக் கடனாகவே கருதி, தம்மால் கட்ட முடியுமா என்று பார்த்த பிறகே இட வேண்டும். கணவன் மனைவி இருவருக்கும் முழுக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் சுமக்கும் கடன், வட்டியால் வளர்வதைவிட மௌனத்தால் விரைவாக வளர்கிறது.

இவை அனைத்தையும் தொழிலாளியின் தலையிலேயே ஏற்றிவிட்டால் இக்கடிதம் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு 95ஆம் உடன்படிக்கை, கூலி ஒழுங்கான கால இடைவெளியில் வழங்கப்பட வேண்டும் என்று கூறுகிறது. கூலியைப் பணமாகத் தராமல் பொருளாகத் தந்து ஏமாற்றுவதைத் தடுக்க இங்கிலாந்தில் 1831ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. எவ்வளவு தருகிறோம் என்பதோடு, எப்போது, எப்படித் தருகிறோம் என்பதும் கூலியின் பகுதியே என்பதை அக்காலத்தவரே உணர்ந்திருந்தார்கள். மூன்று நாள் தாமதம் நிர்வாகத்துக்கு ஒரு கையெழுத்துப் பிரச்சினை. வரப்போகும் சம்பளத்தில் வாழ்பவருக்கோ அது ஒரு தவணைத் தவறுதல், ஓர் அபராதம், அடுத்த கடனுக்குக் கூடுதல் வட்டி. சம்பள நாளைக் குறித்த நாளில் காப்பாற்றுவது, மிகைநேரப் பணத்தை அந்தந்த மாதமே தருவது, ஊழியர் கேட்டால் சம்பளத்தை இரு கணக்குகளில் பிரித்துச் செலுத்துவது ஆகிய மூன்றுக்கும் நிர்வாகத்துக்குப் பெரிய செலவில்லை.

கடன் கொடுப்பவர்களிடமும் ஒன்றைக் கேட்க வேண்டும். ஆண்டுக்கு 12 சதவீதம் என்று விளம்பரப்படுத்தி, மாதந்தோறும் அசல் குறைந்துவந்தாலும் தொடக்க அசல் முழுவதுக்கும் கடைசி வரை வட்டி கணக்கிடும் முறை பல இடங்களில் இருக்கிறது. ஓராண்டில் பன்னிரண்டு தவணைகளாகக் கட்டி முடிக்கும் கடனில், குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அந்த 12 சதவீதம் உண்மையில் 21 சதவீதத்துக்கு மேல் வருகிறது. கட்டணங்களையும் சேர்த்து, குறையும் அசலின் மீதான ஆண்டு வட்டி எவ்வளவு என்ற ஒரே எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டாலே, கையெழுத்திடும் பலருடைய பேனா சற்று நிற்கும்.

ஒரு மாதம் முன்னே வந்துவிட்டவரின் வாழ்க்கை எப்படி மாறுகிறது என்பதை வெளியே இருந்து பார்த்தால் கண்டுகொள்ள முடியாது. உடையோ வீடோ மாறுவதில்லை. கெடு நாளுக்கு முன்பே கட்டணங்கள் போய்விடுகின்றன. மொத்தமாக வாங்கினால் மலிவாகக் கிடைப்பதை மொத்தமாக வாங்க முடிகிறது. நல்ல வேலை வேறிடத்தில் கிடைத்தால், முதல் சம்பளம் வரும் வரை தாக்குப்பிடிக்க முடியும் என்ற துணிவில் ஏற்றுக்கொள்ள முடிகிறது. மேலதிகாரியின் முறையற்ற கோரிக்கைக்கு மறுப்புச் சொல்லவும் அதே துணிவு உதவுகிறது. மூன்று மாதச் செலவு, ஆறு மாதச் செலவு, ஓய்வுக்கால நிதி என்று தங்கள் கட்டுரைகள் கூறுபவை அனைத்தும் இதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடியவை. முதல் மாதத்துக்கு எடுத்த காலத்தைவிட அடுத்த மாதங்களுக்குக் குறைவான காலமே பிடிக்கும், ஏனெனில் வட்டிக்கும் அபராதத்துக்கும் போய்க்கொண்டிருந்த பணம் இப்போது குடும்பத்திடமே இருக்கிறது.

எனவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். முதலீட்டுப் பக்கத்துக்கு ஒதுக்கும் இடத்தில் மாதம் ஒருமுறையேனும், கையிருப்பு ஏதுமில்லாத நிலையிலிருந்து தொடங்குபவர்களுக்காக எழுதச் செய்யுங்கள். பல்வகைக் கடன்களின் உண்மையான ஆண்டு வட்டியை ஒரே அட்டவணையாக வெளியிடுங்கள். முன்பணம் வாங்கும் நிலையிலிருந்து மீண்டவர்களிடம், எதை முதலில் செய்தார்கள், எந்தக் கடனை முதலில் முடித்தார்கள், எத்தனை ஆண்டுகள் ஆயின, நடுவில் எத்தனை முறை பழைய நிலைக்குத் திரும்ப நேர்ந்தது என்பதை அவர்களுடைய பெயரை வெளியிடாமல் கேட்டு எழுதுங்கள். அந்த ஆண்டுக் கணக்கை மறைக்காமல் வெளியிட வேண்டும் என்பதே என் தனிப்பட்ட வேண்டுகோள். ஆறே மாதத்தில் கடன் தீர்த்த கதைகள், ஆறாவது ஆண்டிலும் மெல்லக் கட்டிக்கொண்டிருப்பவரை, தம்மால் முடியாது என்று எண்ணவைத்துவிடுகின்றன.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற சம்பளக் கணக்கர்